புள்ளியியலில் பிஎச்.டி படிக்கணுமா? ஆலங்குடி மாணவர்கள் பணம் கட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஆலங்குடியில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒருவரின் போனுக்கு "ஒரே வருஷத்தில் பிஎச்.டி" என்று விளம்பரம் வந்தால் என்ன செய்வது? நம்பாதீங்க. யுஜிசியின் 2022 விதிகளின்படி குறைந்தபட்சக் காலமே 3 ஆண்டுகள். தபால் வழி, ஆன்லைன் வழி பிஎச்.டி-க்கு அனுமதி இல்லை. பார்ட் டைம் உண்டு. அதுக்கும் வேலை பார்க்கும் இடத்தில் தடையில்லாச் சான்று வாங்கணும்.

யார் சேரலாம்?

முதுநிலையில் 55% மதிப்பெண் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு 5% தளர்வு. எம்.ஃபில் இப்போது தேவையில்லை, அந்தப் படிப்பே நிறுத்தப்பட்டுவிட்டது.

நெட் தேர்வில்தான் சிக்கல்

புள்ளியியல் மாணவர்கள் எழுத வேண்டியது சிஎஸ்ஐஆர் நெட் தேர்வின் 'கணித அறிவியல்' தாள். கணிதம் படித்தவர்களுக்கும் இதே தாள்தான். பாடத்திட்டத்தில் 4 அலகுகள். முதல் அலகான பகுப்பாய்வும் நேரியல் இயற்கணிதமும் எல்லோருக்கும் பொது. நிகழ்தகவு, மதிப்பீடு, கருதுகோள் சோதனை எல்லாம் 4-வது அலகில் வரும். 'நமக்கு 4-வது அலகு போதும்' என்று முதல் அலகைத் தள்ளி வைத்தால் கஷ்டம்தான்.

இந்தத் தேர்வில் ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் 2 ஆண்டுகள் மாதம் ரூ.37,000, அதன்பின் ரூ.42,000. வீட்டு வாடகைப்படி தனி. வீட்டில் காசு கேட்காமல் ஆராய்ச்சி செய்ய இதுதான் வழி. ஜேஆர்எஃப் இல்லாமல், பிஎச்.டி சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றால் அந்த மதிப்பெண் 1 ஆண்டுக்குத்தான் செல்லும். சேர்க்கையில் அதற்கு 70%, நேர்முகத் தேர்வுக்கு 30%.

எங்கே படிப்பது?

புதுக்கோட்டை மாவட்டக் கல்லூரிகள் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. சென்னை, அண்ணாமலை, சேலம் பெரியார், நெல்லை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகங்களில் புள்ளியியல் துறைகள் இருக்கின்றன. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குச் சென்னையிலும் மையம் உண்டு.

சேர்ந்த பிறகு?

குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் வொர்க், அதில் 55% மதிப்பெண். பிறகு ஆய்வேடு, வெளியிலிருந்து குறைந்தது 2 தேர்வாளர்களின் மதிப்பீடு, கடைசியில் வாய்மொழித் தேர்வு. ஆய்வுக் கட்டுரை வெளியிட்டே ஆகணும் என்ற கட்டாயத்தை யுஜிசி எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகத்தின் சொந்த விதியையும் பார்த்துக்கோங்க. அதிகபட்சம் 6 ஆண்டுகள், மறுபதிவு செய்தால் மேலும் 2. பெண்களுக்கு இன்னொரு 2 ஆண்டுகள் கூடுதல். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு.

கைடைப் பார்க்கப் போகும்போது ரெண்டு கேள்வி கேளுங்க: இடம் காலி இருக்கா, ரிட்டயர்மென்ட் எப்போ? பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு 3 ஆண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் சேர்க்க முடியாது.