மாடல் காரின் இன்ஜினுக்கு அசல் நிறம் எது? கண்டுபிடிப்பது எப்படி?

சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்டி பொம்மனஹள்ளி வீட்டுக்கு வந்ததும் 1/24 அளவு மாடல் காரை ஒட்ட உட்காருபவரா நீங்கள்? பாடி நிறம் பெரிய பிரச்னை இல்லை, கார் நிறுவனத்தின் கலர் கோடைத் தேடினால் கிடைத்துவிடும். ஆனா, பானெட்டைத் திறந்தா அங்கேதான் சிக்கல். அந்தக் கோடு பாடிக்கு மட்டும்தான், இன்ஜினுக்கு இல்லை.

இன்ஜினுக்கு எதற்கு பெயின்ட்?

பழைய இன்ஜின் பிளாக்குகள் வார்ப்பிரும்பில் செய்யப்பட்டவை. பெயின்ட் அடிக்காவிட்டால் துருப்பிடிக்கும். நாளடைவில் அந்த நிறமே நிறுவனத்தின் அடையாளமாகவும் ஆனது. அமெரிக்காவில் ஃபோர்டு 1966 முதல் தன் இன்ஜின்களுக்கு நீலம் அடித்தது. ஆரஞ்சு நிறத்துக்குப் பெயர்போன செவ்ரோலெட் வி8 இன்ஜின்கள் 1977-ல் நீலத்துக்கு மாறின. ஆகவே கார் பெயர் மட்டும் போதாது, எந்த ஆண்டு, எந்த இன்ஜின் என்பதும் தெரிய வேண்டும். இன்றைய அலுமினிய இன்ஜின்கள் அப்படித் துருப்பிடிக்காது என்பதால் பெரும்பாலும் பெயின்ட் இல்லாமலே வருகின்றன.

நம்ம அம்பாசிடருக்கு?

1950-களின் இறுதியில் வந்த அம்பாசிடரின் உற்பத்தி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 மே மாதம் நின்றது. இடையில் இன்ஜின் பலமுறை மாறியது. நீண்ட காலம் ஓடியது பிரிட்டனின் பிஎம்சி பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த 1,489 சிசி இன்ஜின். 1990-களில் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வந்தது. அதே பி-சீரிஸ் குடும்பத்து இன்ஜின், எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் ஆரம்ப ஆண்டுகளில் மெரூன் நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்து அம்பாசிடருக்கும் மெரூன் அடித்துவிடாதீர்கள். ஒரே இன்ஜின் குடும்பம் என்பதால் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அசல் நிறத்தை எங்கே தேடுவது?

பளபளவென்று புதுப்பித்த காரை நம்ப வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் கையில் கிடைத்த பெயின்டை அடித்திருக்கலாம். டைனமோ பிராக்கெட்டுக்கு அடியில், இன்ஜின் மவுன்டுக்குப் பின்னால் என வெயிலும் சூடும் மறு பெயின்டும் எட்டாத இடங்களைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் சூட்டில் நிறம் மாறியிருக்கும், அதை அளவுகோலாக எடுக்காதீர்கள். ஜே.சி. ரோடு பக்கம் பழைய இன்ஜின் பிரிக்கும் மெக்கானிக் யாராவது தெரிந்தால், பிரிக்கும் நாளில் போய்ப் பாருங்கள். பழைய கார்களை நேரில் பார்க்க கோவை அவிநாசி ரோட்டில் ஜீடி கார் மியூசியம் இருக்கிறது.

போன் கேமரா போதுமா?

போன் தானாகவே நிறத்தைத் திருத்திவிடும். எனவே இன்ஜின் பாகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, நிழலான பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். பெயின்டைக் கலந்த பிறகு ஜன்னல் வெளிச்சம், வீட்டு எல்இடி இரண்டிலும் ஒப்பிடுங்கள். ஒரு விளக்கில் பொருந்தும் இரு நிறங்கள் இன்னொன்றில் பொருந்தாமல் போகலாம்.

அதே நிறத்தை அப்படியே அடிக்கலாமா?

சின்னப் பரப்பில் நிறம் கூடுதல் அடர்த்தியாகத் தெரியும். அதனால் மாடலில் ஓரிரு சொட்டு வெளிர்க்க வேண்டும். ஆரஞ்சில் வெள்ளையை அதிகம் கலந்தால் ரோஸ் சாயல் வந்துவிடும், கொஞ்சம் மஞ்சள் சேர்த்துப் பாருங்கள். மெட்டாலிக் பெயின்டில் துகள் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு நல்லது. நிஜ காருக்கான துகள் 1/24 மாடலில் 24 மடங்கு பெரிதாகத் தெரியும். பிரைமரின் நிறமும் மேல் பூச்சை மாற்றும் என்பதால், அதே பிரைமர் அடித்த பிளாஸ்டிக் ஸ்பூனில் முதலில் சோதியுங்கள்.

மழைநாளில் ஸ்ப்ரே செய்தால் ஈரப்பதத்தால் பெயின்ட் வெளுத்துப் பூத்துவிடலாம். ஒரே அறை வீடா? ஜன்னலைத் திறந்து, தின்னர் ஆவியைத் தடுக்கும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரணத் துணி மாஸ்க் இதற்கு உதவாது.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

2021-ல் மத்திய அரசு பழைய வாகன அழிப்புக் கொள்கையைத் தொடங்கியது. ஒரு பழைய இன்ஜின் உடைக்கப்படும்போது, அந்தப் பிராக்கெட்டுக்கு அடியில் இருந்த அசல் நிறமும் சேர்ந்தே போகிறது. காரின் ஆண்டு, இன்ஜின் வகை, நிறம் கிடைத்த இடம், வெள்ளைத் தாளுடன் எடுத்த படம், கலவை விகிதம் ஆகிய ஐந்தையும் குறித்து வையுங்கள். அடுத்து அதே காரைச் செய்பவர், மாடலோ நிஜ காரோ, ஊகத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.