ஹைதரின் காளைகளும் பரங்கிப்பேட்டை மணலும்

1781 ஜூலை 1-ஆம் தேதி நடந்த பரங்கிப்பேட்டைப் போரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆள் கணக்கைத்தான் சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி சர் அயர் கூட்டிடம் சுமார் எட்டாயிரம் பேர், மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் அதைப்போலப் பல மடங்கு, ஆனாலும் கூட் ஜெயித்தார் என்பதோடு கதை முடிந்துவிடும். பட்டாளத்தில் ஆர்மரராகத் துப்பாக்கிகளைப் பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். எனக்கு அந்தக் கணக்கு போதவில்லை. ஆயுதம் என்றால் அதில் அசைகிற பொருளின் எடை எவ்வளவு, அதை அசைக்கிற விசை எவ்வளவு என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அதற்கு ஒரு உதாரணம் எங்கள் காலத்துத் துப்பாக்கியான எஸ்.எல்.ஆர். (செல்ஃப் லோடிங் ரைபிள்). பெல்ஜியத்தில் உருவான வடிவம் அது. இந்தியாவில் 1960-களில் இஷாப்பூர் தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கியது. சுட்டதும் வெடிவாயுவில் கொஞ்சம் குழலின் மேலுள்ள துளை வழியாகப் பிரிந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் போய் போல்ட் கேரியரை உதைக்கும். கேரியர் பின்வாங்கும்போது போல்ட்டின் பின்பக்கத்தைத் தூக்கிப் பூட்டை விடுவித்து, காலி ரவைக்கூட்டை இழுத்து வெளியே எறியும். பிறகு ஸ்பிரிங் தள்ள முன்னே வந்து அடுத்த ரவையை ஏற்றிப் பூட்டும். விசையை மறுபடி இழுத்தால் அடுத்த குண்டு போகும்.

இதில் கேரியரின் எடைதான் சூட்சுமம். வாயு கொடுக்கிற உதை ஒன்றே என்றால், கேரியர் எடை குறையக் குறைய வேகம் கூடும். வேகம் கூடினால் நல்லதுதானே என்று புது ஆட்கள் நினைப்பார்கள். அழுத்தம் தணியும் முன்பே பூட்டு திறந்துவிட்டால், ரவைக்கூடு அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கூட்டை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் அதன் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும், அல்லது பிடி நழுவிவிடும். மேகசினில் இருக்கும் அடுத்த ரவை மேலே எழும்புவதற்குள் போல்ட் அதைத் தாண்டிவிடுவதும் உண்டு. எடை கூடினால் பூட்டு நிதானமாகத் திறக்கும். அழுக்கோ மணலோ குறுக்கே வந்தாலும் கேரியர் தன் வேகத்தால் அதைத் தாண்டிப் போகும். ஏ.கே.47-இல் கேரியரும் பிஸ்டனும் ஒரே துண்டு, ஏறக்குறைய அரைக் கிலோ. சேற்றிலும் அது ஓடுவதற்கு அந்த எடை ஒரு முக்கியக் காரணம். ஆனால் அவ்வளவு எடை முன்னும் பின்னும் மோதும்போது துப்பாக்கி குலுங்கும், குறி கலையும்.

மணலின் தொல்லையை பிரிட்டிஷ்காரர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள். அவர்களுடைய எஸ்.எல்.ஆர். கேரியரின் பக்கவாட்டில் சாய்வான பள்ளங்கள் வெட்டியிருக்கும். மணல் அதற்குள் ஒதுங்கிக்கொண்டால் கேரியர் தடையில்லாமல் ஓடும்.

அவர்களுடைய முன்னோர் பரங்கிப்பேட்டை மணலில் பட்ட பாடு வேறு மாதிரி. 1781-இல் சிப்பாய் கையில் இருந்த மஸ்கட்டும் சுமார் நாலரைக் கிலோ; எஸ்.எல்.ஆரும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஆனால் மஸ்கட்டுக்குக் கேரியரும் இல்லை, ரவையை ஏற்றித் தரும் ஸ்பிரிங்கும் இல்லை. வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டு இடித்து, நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை சுடலாம். அன்று களத்தில் நகர்த்தியாக வேண்டிய பெரிய எடை பீரங்கி. அதை நகர்த்திய விசை காளை மாடு.

ஜூன் 18-இல் கூட் சிதம்பரம் கோயில் கோட்டையைத் தாக்கித் தோற்றார். பிறகு கடல்வழியாக உணவு வரும் என்று பரங்கிப்பேட்டைப் பக்கம் நகர்ந்தார். சிதம்பரத்தைக் காக்க ஹைதர் நூறு மைல் தூரத்தை இரண்டரை நாளில் கடந்து வந்தார் என்று ஆங்கிலேயரே எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குக் காரணமாக அவர்கள் சொல்வது, பின்னாளில் அமிர்த மகால் என்று பேர் பெற்ற மைசூர்க் காளைகளை. உயரமான, ஒல்லியான, நீண்டு பின்சாயும் கொம்புள்ள மாடுகள். மந்தமாக இழுக்கிற இனமே அல்ல.

ஹைதர் கடலூர் பாதையை மறித்து முட்லூர்ப் பக்கம் அகழியும் அரணும் அமைத்தார். கனமான பீரங்கிகளைக் கொண்டு போவதற்காக மணல்மேட்டை வெட்டி ஒரு வழியும் போடச் செய்தார். ஜூலை 1 காலை கூட் அந்த வழியைக் கண்டுபிடித்து, தன் படையையே அதில் விட்டுவிட்டார். கரையோரம் நின்ற கப்பலும் சுட்டு உதவியது. பிற்பகலுக்குள் ஹைதர் பின்வாங்கினார். தன் எடையைக் கொண்டு போகப் போட்ட பாதை எதிரிக்கு வாசலாகிவிட்டது. அந்த நாளில் ஹைதர் செய்த பெரிய பிழை அதுதான் என்பேன்.

ஆனால் வெற்றி பெற்ற கூட்டால் துரத்த முடியவில்லை. குதிரைப் படை சொற்பம், வண்டி மாடுகளோ மெலிந்தவை. மாடு போதவில்லை, அரிசி போதவில்லை என்று அவர் சென்னைக்கு ஓயாமல் முறையிட்டவர். ஹைதரின் காளைகளோ பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போய்விட்டன. அதனால்தான் ஆகஸ்டில் பொள்ளிலூரிலும் செப்டம்பரில் சோளிங்கரிலும் கூட் அவரோடு மறுபடியும் மோத வேண்டி வந்தது.

1799-இல் ஹைதரின் மகன் திப்பு வீழ்ந்ததும் கம்பெனி கைப்பற்றியவற்றில் அந்த மாட்டுப் பட்டிகளும் அடக்கம். பிறகு தக்காணப் போர்களில் ஆர்தர் வெல்லஸ்லி அந்தக் காளைகளை வைத்துத்தான் வேகமாக நகர்ந்தார். பரங்கிப்பேட்டைப் பள்ளிகளில் இந்தப் போரை நடத்தும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளை முட்லூர் வரை அழைத்துப் போங்கள். கூட் பெயரையும் ஹைதர் பெயரையும் சொல்லும்போது, அந்த மாடுகளைப் பற்றியும் பத்து நிமிடம் பேசுங்கள்.