போடி இருப்புப்பாதையும் பொதுஜன விண்ணப்பமும்

மதுரையம்பதிக்குப் புகைவண்டி வந்தது 1875ஆம் ஆண்டில். தென்னிந்திய ரெயில்வே கம்பெனியார் திருச்சிராப்பள்ளியினின்றும் இட்ட பாதை அது. அடுத்த ஆண்டே தூத்துக்குடி மட்டும் நீண்டது. துறைமுகம் நோக்கிய பாதையாதலின் பஞ்சுப் பொதியும் கப்பற் சரக்குமே அதற்குப் போதிய சிபாரிசாயின. மேற்கேயுள்ள ஊர்களுக்கு அந்தப் பாக்கியம் எளிதிற் கிட்டவில்லை. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரையில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் நீளமுள்ள மீட்டர்கேஜ் பாதை 1928இல்தான் திறக்கப்பட்டது. ஏலமலையின் அடிவாரத்திலுள்ள போடி ஏலக்காய் வர்த்தகத்துக்குப் பேர்போன பேட்டை என்பதை நேயர்கள் அறிவர்.

பதினைந்து ஆண்டுகூட நிலைத்து ஓடவில்லை. இரண்டாம் உலக மகாயுத்தம் மூண்டதும், போர்த் தேவையின் பொருட்டு இப்பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. மீண்டும் அவை இடப்பெற்று வண்டி ஓடியது 1950களிலேயாம். ஒருமுறை போன பாதை திரும்புவதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. யுத்த காலமாதலின் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்கலாகாதது இரண்டாம் முறை நேர்ந்தது. அகலப்பாதையாக மாற்றுவதற்கென்று 2010 டிசம்பர் இறுதியில் வண்டி நிறுத்தப்பட்டது. ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை வெட்டிப் பாதையை அகலமாக்குவது பெரும்பணி என்பது மெய்யே. ஆயினும் பாறையைக் காட்டிலும் வலியதாயிருந்தது, ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்ட சொற்பத் தொகை. தேனியிலும் போடியிலும் உள்ள வர்த்தகரும் விவசாயிகளும் பொதுஜனங்களும் விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக அனுப்பினர்; பாராளுமன்ற அங்கத்தினர்களைக் கண்டு முறையிட்டனர். உசிலம்பட்டி வரை 2020 ஜனவரியில் வெள்ளோட்டம் நடந்தது. தேனிக்கு 2022 மே மாதத்தில் வண்டி வந்தது. போடிக்கு 2023 ஜூன் 15இல். தொண்ணூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ஆண்டும் ஐந்து மாதமும்! அவ்வாண்டுகளில் பள்ளியிற் சேர்ந்த குழந்தை, பள்ளிப்படிப்பை முடித்துக்கொண்டு வெளியேறியிருக்கும்.

பிரயாணிகள் குரல் எழுப்புவது இந்நாட்டில் புதிதன்று. மூன்றாம் வகுப்புப் பிரயாணிகள் படும் துயரத்தை மகாத்மா காந்தியடிகள் 1917இல் தாமே அனுபவித்துப் பத்திரிகைகளுக்கு எழுதினார். 1921இல் அறிக்கை விடுத்த அக்வொர்த் கமிட்டியார், பொதுஜனப் பிரதிநிதிகள் அடங்கிய ஆலோசனைச் சபைகள் வேண்டுமென்று சொன்னார்கள். இக்காலத்து ரெயில்வே உபயோகிப்போர் ஆலோசனைக் குழுக்களும் அவ்வகையினவே. 1956இல் ஏற்பட்ட மதுரைக் கோட்டத்திற்கும் அத்தகைய குழு உண்டு. அக்குழுவில் அமர்வோர் பெயரையேனும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

விண்ணப்பத்தில் கேட்பது எது என்பதும் கவனிக்கத்தக்கது. தண்டவாளத்தைக் கேட்டோம், கிடைத்தது. வண்டி வரும் வேளையைக் கேட்கத் தவறலாகாது. 2022 மே மாதத்தில் தேனிக்கு விடப்பட்ட வண்டி காலை எட்டரை மணிக்கு மதுரையினின்று புறப்பட்டு, மாலை ஆறேகாலுக்குத் தேனியிலிருந்து திரும்பிற்று. மதுரையில் வசித்துத் தேனியில் உத்தியோகம் பார்ப்பவருக்கு அது வெகு சௌகரியம். ஆனால் மதுரைக்கு வரவேண்டியவர் தேனியாரல்லவோ? பெரியாஸ்பத்திரிக்கு நோயாளியை அழைத்து வருவோர், 2004 முதல் மதுரையில் இயங்கும் உயர்நீதிமன்றக் கிளைக்கு வழக்கோடு வருவோர், கல்லூரிக்கு வரும் மாணாக்கர் ஆகிய இவர்கட்கெல்லாம் காலையில் மதுரை வந்து மாலையில் ஊர் திரும்பும் வண்டியே வேண்டும். அவ்வண்டி இவர்களுக்கு நேர் எதிராக ஓடிற்று. பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசில் பாதியை மீதப்படுத்தக்கூடிய ஏழைக் குடியானவன், வண்டி தன் ஊரைக் கடந்து செல்வதைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸுக்கே நின்றான்.

ஆகவே விண்ணப்பம் எழுதுவோர் ‘கூடுதல் வண்டி வேண்டும்’ என்று பொதுப்பட எழுதுதல் போதாது. எவ்வூரிலிருந்து எத்தனை பேர், எக்காரியத்தின் பொருட்டு, எத்தனை மணிக்குள் மதுரை சேரவேண்டும் என்று கணக்கெடுத்து எழுதுதல் வேண்டும். கணக்கோடு வரும் காகிதத்தை அதிகாரிகள் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. போடிக்கும் அப்பால், கம்பம் பள்ளத்தாக்கிலுள்ளோர் திண்டுக்கல்லிலிருந்து தங்களூர் வழியாக ஒரு பாதை வேண்டுமென்று நெடுநாளாய்க் கேட்டு வருகின்றனர். அவர்களுக்கும் இந்தக் கணக்கு இப்பொழுதே தேவைப்படும்.