'வாழும்' என்றொரு சொல்

பிரிந்த மனைவி பிறனொருவனுடன் வாழ்கிறாள் என நிறுவி ஜீவனாம்சத்தை மறுக்கவே, துப்பறிவோரைச் சில கணவர் அமர்த்துகின்றனர். அவர்கள் நாடும் விதி பழையது. திருமணம் கடந்த உறவில் 'வாழும்' மனைவிக்கு ஜீவனாம்சமில்லை என்றது 1898ஆம் ஆண்டு இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு. 1973இல் அது 125ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவு.

நாம் உற்றுநோக்க வேண்டியது 'வாழும்' என்னும் சொல்லையே. ஒருமுறை நேர்ந்த பிறழ்ச்சி போதாது, தொடர்ந்த உறவாதல் வேண்டும் என்றே நீதிமன்றங்கள் பொருள்கொண்டன. பெண்ணுக்குக் காப்பான விளக்கந்தான், ஐயமில்லை. ஆயின் விடுதி வாயிலில் எடுத்த ஒற்றை ஒளிப்படம் செல்லாதெனில், வேவு நீளுமன்றோ? அரிசிக்கும் வாடகைக்கும் வழக்காடுபவளின் தெருமுனையில் அந்நியன் நாள்தோறும் நிற்பான்.

அவ்வுறவு குற்றமன்று என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் இவ்விதி நீங்கவில்லை. துப்பறியும் நிறுவனங்களை நெறிப்படுத்த 2007இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதாவோ சட்டமாகவே இல்லை.