பூவரசம் பூவும் ஒரு துண்டு பீட்சாவும்



போன கிழமை 11ஆம் தர வரலாற்றுப் பாடத்தில் ஒரு மாணவி கேட்ட கேள்வி எங்களை இன்னும் விட்டபாடில்லை. உக்ரைன் தலைநகர் கீவில் முன்னாள் படைவீரர்கள் வேலை செய்யும் ஒரு பீட்சாக் கடையின் காணொளியை அவள் பார்த்திருக்கிறாள். "சேர், அங்க போய்ச் சாப்பிட்டா அது யுத்தத்துக்கு உதவுறதா, மனுசனுக்கு உதவுறதா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயெடுக்க மணி அடித்துவிட்டது. சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

அந்தக் கடையின் பெயர் வெட்டரானோ பீட்சா. அதைத் தொடங்கியவர் லியோனிட் ஒஸ்டால்ட்செவ். யுத்தத்துக்கு முன்னர் அவர் பீட்சா சுடுகிற சமையல்காரர். 2014இல் கிழக்கு உக்ரைனின் டொன்பாஸ் பகுதியில் சண்டை மூண்டபோது படைக்குப் போனார். திரும்பி வந்து 2015இல் கீவ் நகரின் மையத்தில் கடையைத் திறந்தார். வேலைக்குச் சேர்த்தது பெரும்பாலும் தன்னைப்போல் களத்திலிருந்து வந்தவர்களை. மேசைக் கண்ணாடிக்குக் கீழே வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். சாப்பிட வருகிறவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். 2022இல் பெரிய படையெடுப்பு வந்ததும் அதே சமையலறை படையினருக்கும் வைத்தியசாலைகளுக்கும் சாப்பாடு சமைத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் கடையில் உண்டியல் குலுக்கவில்லை. மாவு பிசையும் வேலையைக் கொடுத்தார்கள். யுத்தத்திலிருந்து வந்தவனுக்குக் கை நீட்டி வாங்குவதை விட, கையால் உழைத்து வாங்குவது பெரிது.

இந்த எண்ணம் புதியதல்ல. முதலாம் உலகப் போர் முடிந்த பிறகு பிரித்தானியாவில் 1921இல் முன்னாள் படையினருக்காக பிரிட்டிஷ் லீஜன் அமைப்பு உருவானது. நவம்பர் 11ஆம் திகதி சிவப்புப் பொப்பி மலர் விற்றுப் பணம் சேர்த்தார்கள். 1922இல் ஜோர்ஜ் ஹவ்சன் என்பவர் அந்தக் காகிதப் பூக்களைச் செய்வதற்கென்றே லண்டனில் ஒரு தொழிற்சாலை தொடங்கினார். அங்கே வேலை செய்தவர்கள் போரில் ஊனமுற்றவர்கள்.

வேலையும் கொடுக்காமல் வாக்கையும் காப்பாற்றாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே முதலாம் உலகப் போரில் சண்டையிட்டவர்களுக்கு 1924இல் ஒரு போனஸ் சட்டம் வந்தது. ஆனால் பெரும்பாலானோருக்குக் காசு 1945இல்தான் கிடைக்கும் என்று எழுதியிருந்தது. இடையில் பொருளாதாரப் பெருமந்தம். 1932இல் பட்டினி தாங்காமல் ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் குடும்பத்தோடு வொஷிங்டனில் கூடாரமடித்து, காசை இப்போதே தாருங்கள் என்று கேட்டார்கள். ஜூலை 28ஆம் திகதி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். அன்றே இராணுவம் வந்து கூடாரங்களை விரட்டியது. விரட்டப்பட்டவர்களும் ஒரு காலத்தில் அதே இராணுவத்தின் உடுப்பைப் போட்டவர்கள்தான். அவர்களுக்கு அந்தக் காசு கிடைத்தது 1936இல்.

அந்த வெட்கம் மறக்கப்படவில்லை. 1944இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் புதிய சட்டமொன்றில் கையெழுத்திட்டார். திரும்பி வரும் வீரர்களுக்குப் படிப்புச் செலவு, வீடு வாங்கவும் தொழில் தொடங்கவும் கடன் உத்தரவாதம். ஏறத்தாழ 78 இலட்சம் பேர் அதன் மூலம் படித்தார்கள், தொழில் பழகினார்கள். அதிலும் ஒரு கறை உண்டு. கறுப்பின வீரர்கள் பலருக்கு அதே கதவு பாதிதான் திறந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இது பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்து போகிற கதை. பிரித்தானியர் காலத்தில் இலங்கையிலும் பொப்பி மலர் விற்றார்கள், பாடசாலைப் பிள்ளைகளையும் வாங்க வைத்தார்கள். அந்தக் காசில் பெரும்பகுதி கடல் கடந்து போனது. அதே போரில் பங்கெடுத்த இலங்கை வீரர்கள் இங்கே வறுமையில் கிடந்தார்கள். 1931இல் ஏலியன் பெரேரா என்பவர் அவர்களுக்காகப் பொப்பிக்குப் பதில் சூரியமல் விற்கத் தொடங்கினார். சூரியமல் என்பது வேறொன்றுமில்லை, நம் வேலியோரத்தில் நிற்கும் பூவரசம் பூதான். 1933இல் டொரீன் யங் என்ற ஆங்கிலேயப் பெண், பாடசாலை அதிபராகப் பணியாற்றியவர், இந்த அநியாயத்தைப் பத்திரிகையில் எழுதினார். பிறகு இளைஞர்கள் அதை ஒரு சுதந்திர இயக்கமாக்கினார்கள். ஒரு பூ யாருடைய பசிக்காக விற்கப்படுகிறது என்ற கேள்வியிலிருந்து ஓர் அரசியலே பிறந்தது.

இப்போது நம் ஊரையும் கொஞ்சம் பார்ப்போம். 1980களின் நடுவில் ஊர்காவல் படை வந்தது. 1990க்குப் பிறகு கிழக்கில் நம் வாப்பாமார், காக்காமார் எத்தனை பேர் ஒரு துவக்கோடு இரவிரவாக ஊர் எல்லையில் நின்றார்கள்! நாங்கள் நித்திரை கொண்டது அவர்கள் விழித்திருந்ததால்தான். அந்தத் துவக்குகள் எல்லாம் எப்போதும் நியாயத்துக்காகவே நீண்டன என்று சொல்ல வரவில்லை. அயல் தமிழ்க் கிராமங்களுக்கும் சொல்வதற்குக் காயங்கள் உண்டு. வரலாறு படிப்பிக்கிறவர்கள் அதை மறைக்கக் கூடாது. ஆனால் அன்று எல்லையில் நின்ற அந்த மனிதரை இன்று யார் தேடுகிறோம்?

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். ஒரு காலை இழுத்துத்தான் நடப்பார். றமழானில் ஸகாத் கொடுக்கும்போது அவர் நினைவுக்கு வருகிறார், பெருநாள் முடிந்தால் மறந்துவிடுகிறோம். சென்ற வருடம் அவர் எங்களிடம் கேட்டது காசல்ல. "சேர், ஸ்கூல் கேட்டடியில ஒரு வேலை இருந்தாச் சொல்லுங்க, இரவு முழிக்க எனக்குப் பழக்கம்தானே" என்றார். பார்ப்போம் என்று சொன்னோம். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

மகளே, உன் கேள்விக்கு இதுதான் பதில். அந்தக் கடை யுத்த காலத்தில் படைக்கும் சமைத்தது, அதை ஒளிக்கத் தேவையில்லை. எந்த யுத்தம் சரி, எது பிழை என்று நாம் வகுப்பில் தர்க்கிக்கலாம், தர்க்கிக்கவும் வேண்டும். ஆனால் யுத்தத்திலிருந்து திரும்பி வந்த ஒருவன் தன் கையால் சுட்ட ரொட்டிக்குக் காசு கொடுப்பது அந்த மனிதனுக்கு உதவுவதுதான். அதற்குக் கீவ் வரைக்கும் போகத் தேவையில்லை.

இந்தக் கிழமை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இரவுக் காவல் வேலை பற்றிக் கதைக்கப் போகிறோம். பெற்றோர்கள் தயவுசெய்து வாருங்கள்.