தூது போன வைத்தியர்

திருவண்ணாமலையில் திண்டிவனம் பஸ் ஏறினால், வழியில் செஞ்சிக் கோட்டை. சுமார் எட்டு வருட முற்றுகைக்குப் பிறகு, 1698-ல் அதைப் பிடித்தது ஔரங்கசீப்பின் படை. அந்தப் படையிலிருந்த தாவூத் கான், சீக்கிரமே ஆற்காட்டில் பெரிய அதிகாரியாக உட்கார்ந்தார். அடுத்து அவர் பார்வை திரும்பியது மெட்ராஸ் பக்கம்!

கவர்னர் தாமஸ் பிட்டுக்குக் கவலை. பேசிப் பார்க்க ஆள் வேண்டும். பாரசீகம் தெரிந்திருக்கணும், தர்பார் நெளிவு சுளிவும் அத்துப்படியாக இருக்கணும். கம்பெனிக்காரர்களில் அப்படி யாரும் தேறவில்லை. கூப்பிட்டது ஓர் இத்தாலியக் கிழவரை.

நிக்கோலாவ் மனூச்சி. 1653-ல் வெனிஸை விட்டு, கப்பலில் ஒளிந்துகொண்டு ஓடிவந்தபோது மீசைகூட முளைக்காத பையன். ஓர் ஆங்கிலேயத் தூதருக்கு எடுபிடியாக இந்தியா வந்தான். 1656-ல் டெல்லி போகும் வழியிலேயே தூதர் இறந்துபோனார். பையன் அசரவில்லை. இளவரசர் தாரா ஷுகோவின் பீரங்கிப் படையில் சேர்ந்தான். மாதச் சம்பளம் 80 ரூபாய்!

தாரா தோற்றார். ஔரங்கசீப்பிடம் கைகட்டி நிற்க மனூச்சிக்கு மனசில்லை. பிறகு வைத்தியராகிவிட்டார். பட்டமா? அதெல்லாம் கிடையாது. ஔரங்கசீப்பின் மகன் ஷா ஆலம் அரண்மனை வரைக்கும் வைத்தியம் பார்த்தார். 1683-ல் சிவாஜியின் மகன் சாம்பாஜி கோவாவை நெருக்க, போர்ச்சுகீசியர்களுக்காக அவரிடம் தூது போனார். 1686-ல் மெட்ராஸ் வந்து, ஒரு விதவையை மணந்து செட்டிலானார்.

1701-ல் பரிசுப் பொருட்களோடு ஆற்காடு போன மனூச்சியால் தாவூத் கானைச் சமாதானப்படுத்த முடிந்தது. ஆனால், கொஞ்ச காலத்துக்குத்தான். 1702-ல் கான் மெட்ராஸை முற்றுகையிட்டார். மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தது. கடைசியில் 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார். தூதரின் பேச்சுக்கு ஆயுள் ஒரு வருஷம். பணத்துக்கு மவுசு எப்போதும்!

ஊருக்கெல்லாம் பேரம் பேசியவர், தன் விஷயத்தில் ஏமாந்துபோனார். மொகலாயர்கள் பற்றி எழுதிய கையெழுத்துப் பிரதியை பாரிஸுக்கு அனுப்பினார். கத்ரூ என்ற பாதிரியார் அதை வெட்டி ஒட்டி, 1705-ல் தன் புத்தகமாக வெளியிட்டார். கொதித்துப்போன மனூச்சி, வேறு பிரதிகளை வெனிஸ் அரசுக்கு அனுப்பி நியாயம் கேட்டார். 1717 வாக்கில் இறக்கும்வரை அது அச்சேறவில்லை. வில்லியம் இர்வின் மொழிபெயர்ப்பில், 1907-லிருந்து வெளிவந்த பிறகே முழுசாகப் படிக்கக் கிடைத்தது.

தாவூத் கானிடம் ஒரு வருஷம் தவணை வாங்கியவருக்கு, தன் புத்தகத்துக்கு இருநூறு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.