கோப்பி இலையும் குருதிக் காவலரும்

பேராதனைப் பூந்தோட்டத்துக்கு ஒருமுறையேனும் செல்லாத இளைஞர் நம்மிடையே இரார். ஆயினும், அங்கிருந்து நடைபெற்ற ஓர் ஆராய்ச்சி மலைநாட்டின் கதையோடு மட்டுமன்றி, நம் உடலின் கதையோடும் தொடர்புடையதென்பதை அறிந்தோர் சிலரே.

கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்ஹபிட்டியவில் 1820களில் பெருந்தோட்டமாகத் தொடங்கிய கோப்பிப் பயிர், 1878 அளவில் ஏறத்தாழ 275,000 ஏக்கரில் பரவியிருந்தது. மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்த நம்மவர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலையேறினர். வழியில் மாண்டோர் பலர். அவர்களுடைய உழைப்பாலேயே அக்காடுகள் கோப்பித் தோட்டங்களாயின.

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த துவெயிட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்கிலி என்னும் அறிஞர் அதனை ஒரு பூஞ்சணமெனக் கண்டு, ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார். துரைமார் அப்பெயரைத் திரித்து ‘நாசகாரி எமிலி’ என்று கேலி பேசினராம். கேலி நெடுநாள் நீடிக்கவில்லை. இலைகள் உதிர்ந்தன, காய்கள் சிறுத்தன, ஆண்டுக்காண்டு விளைச்சல் குன்றியது. சுண்ணாம்பும் கந்தகமும் தூவிப் பார்த்தும் பயன் கிட்டவில்லை.

இந்நிலையிலே, 1880இல், முப்பது வயதுகூட நிரம்பாத மார்ஷல் வார்ட் என்பவர் இங்கு அனுப்பப்பட்டார். அவர் ஈராண்டுகள் நுணுக்குக்காட்டியும் கையுமாக உழைத்து உண்மையை வெளிப்படுத்தினார். பூஞ்சணத்தின் வித்திகள் காற்றிலே பறந்து வருகின்றன. ஈர இலையில் முளைவிடுகின்றன. இலைவாய் வழியே உள்ளே நுழைகின்றன. நுழைந்தபின் மேலே தூவும் மருந்து அதனைத் தீண்டாது. மருந்து தோற்றதன் காரணம் இதுவே. இடைவெளியின்றி மலை மலையாக ஒரே பயிரை நட்டதும் கேட்டுக்கு வழியாயிற்று என அவர் எடுத்துரைத்தார். தோட்டச் சொந்தக்காரருக்கு வேண்டியதோ மருந்து; கிடைத்ததோ விளக்கம். 1882இல் வார்ட் திரும்பிச் சென்றார். கோப்பி அழிந்தது. 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் நட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவத்தில் மட்டுமே ஆட்கள் வேண்டியிருந்தனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் வேண்டும். நம் முன்னோரிற் பலர் குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்டமைக்கு ஓர் இலைநோயும் காரணமாயிற்று!

வார்ட் பூஞ்சணங்களைக் கைவிடவில்லை. கேம்பிரிட்ஜில் பேராசிரியராயிருந்தபோது, 1902இல், புல்லினமொன்றில் ஒரு புதுமையைக் கண்டார். நோயை எதிர்க்கும் வகைப் புல்லில் பூஞ்சணம் நுழைந்ததும், அதனை அடுத்த கலங்கள் விரைந்து மடிகின்றன. உயிருள்ள கலத்திலன்றி வாழமாட்டாத பகைவன் பட்டினியால் அங்கேயே முடங்குகிறான். எவரும் கற்பியாமலே பிறவியோடு அமைந்த காவல் இது. நம் மலைக் கோப்பிக்கு இக்காவல் வாய்க்கவில்லை.

விலங்குகளிடத்து இத்தகைய காவலைக் கண்டதும் ஒரு பூஞ்சணத்தின் வாயிலாகவே. உருசியரான மெச்னிக்கோவ் 1884இல் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரை ஆராய்ந்தார். அதன் உடல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவக் கூடியது. ஊசி வடிவான பூஞ்சண வித்திகள் குடலைத் துளைத்து உள்ளே வர, நடமாடும் கலங்கள் அவற்றைச் சூழ்ந்து விழுங்குவதை அவர் நேரிற் கண்டார். கலங்கள் வென்றால் தெள்ளு பிழைக்கும், தோற்றால் மாளும். 1908இல் அவருக்கு நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நம் குருதியிலும் இத்தகைய வெண்கலங்கள் உண்டு.

பகைவனை அவை அறிவதெவ்வாறு? 1996இல் ஹொப்மன் குழுவினர், ‘டோல்’ என்னும் புரதத்தின் வேலை கெட்ட பழ ஈக்கள் பூஞ்சணத்தால் மாள்வதைக் காட்டினர். மனிதக் கலத்தின் மேலுள்ள ‘டெக்டின்-1’ என்பது பூஞ்சணச் சுவரிலுள்ள குளூக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலியைத் தொட்டறியுமென்று 2001இல் தெளிவாயிற்று.

ஆனால் பகைவனும் சும்மா இருக்கவில்லை. 2009இல் யப்பானில் ஒருவரது காதிலிருந்து இனங்காணப்பட்ட ‘கன்டிடா ஓரிஸ்’ பின்னர் இந்திய மருத்துவமனைகளிலும் பரவியது. அதன் வகைகளுட் சில, மூன்று முக்கிய மருந்தினங்களுக்கும் அடங்குவதில்லை. வெண்கலங்களும் அதனைச் சரிவரக் கொல்வதில்லையென 2018இல் ஆய்வாளர் கண்டனர். குளூக்கனை வேறொரு சர்க்கரைப் போர்வை மூடிக்கொள்வதே இதற்கொரு காரணம். கள்வன் முகத்தை மறைத்தால் காவலன் என்செய்வான்? 2022இல் உலக சுகாதார நிறுவனம் இதனை மிக அபாயமான பூஞ்சணங்களுள் ஒன்றாக வகுத்தது.

மருந்து தளரும்போது இக்காவலே எஞ்சுகிறது. அதனை நாமே கெடுப்பதும் உண்டு. 2021இல் இந்தியாவில் கொரோனா நோய்க்குப்பின் கருப்புப் பூஞ்சணம் பலரைக் கொன்றது. கட்டுப்படாத நீரிழிவும், அளவுக்கு மிஞ்சிய ஸ்டெரொயிட் மருந்தும் அவர்களுடைய வெண்கலங்களைத் தளர்த்தியிருந்தன.

இன்னும் எளிய உதாரணம் படர்தாமரை. வழக்கமான டெர்பினாபின் மருந்துக்கு அடங்காத வகையொன்று இந்தியாவிற் பரவி, 2020இல் தனிப் பெயரும் பெற்றது. வைத்தியரைக் கேளாமல் கடையில் வாங்கும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டெரொயிட் கலந்திருக்கும். பூசிய சில நாட்களில் சிவப்பும் அரிப்பும் தணியும். ஆனால் தணிந்தது பூஞ்சணமன்று. அதனோடு போரிட்ட காவலரின் எழுச்சியே. களிம்பை நிறுத்தியதும் வட்டம் முன்னிலும் பெரிதாகப் படரும்.